இரண்டு பக்கமும் கேட்காத பஞ்சாயத்து

ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூவுக்கு அப்பர் தைக்கிற ஒரு கம்பெனியில் 31 வருடம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். அப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் புரியாது. 'வெல்ஃபேர் ஆபீசர்' என்று சொல்ல வேண்டும். 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று அப்போதிருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொன்னது. கேன்டீன் சாம்பார், கழிவறைத் தண்ணீர், குழந்தைகள் காப்பகம், முதலுதவிப் பெட்டி எல்லாம் என் தலையில். சட்டத்தில் எழுதாத ஒரு வேலையும் கூடவே வந்து சேர்ந்தது. புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து.

எங்கள் பகுதி ஷூ கம்பெனிகளில் ஸ்டிச்சிங் ஹாலுக்குள் நுழைந்தால் கண்ணுக்கெட்டிய வரை பெண்கள்தான். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர், வாணியம்பாடி என்று சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். திங்கட்கிழமை காலையில் டைம் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமை எந்தெந்த வீட்டில் என்ன நடந்தது என்று முகத்திலேயே தெரியும். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒருத்தி என் அறை வாசலில் வந்து நிற்பாள். "சார், ஒரு நிமிஷம்." அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகும்.

அவள் சொல்லச் சொல்ல, அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு அறை விட வேண்டும் போலிருக்கும். சாயங்காலம் கேட் பக்கம் அவனை வரச் சொல்வேன். அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு தன் கதையைச் சொல்வான். ஐந்தே நிமிஷத்தில் அவன் மேல் பாவமாகிவிடும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வெட்டி எடுத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டிங் செக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு முழுத் தோலை மேஜையில் விரித்தால் அதில் உண்ணி கடித்த தழும்பு இருக்கும், முள் கீறியது இருக்கும், சூடு போட்ட அடையாளம் இருக்கும். அனுபவப்பட்ட கட்டர் அந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டு நல்ல இடத்தில் டையை வைத்து அடிப்பார். கையில் வரும் துண்டில் ஒரு குறை இருக்காது. அந்தத் துண்டை மட்டும் பார்த்து அந்த ஆட்டின் வரலாற்றை எழுதினால் எப்படி இருக்கும்? நம் வீட்டுக் கதையை நாமே சொல்வதும் அந்தத் துண்டுதான். மீதித் தோல் மேஜையில் ஓட்டையோடு கிடக்கிறது, அதைப் பார்க்க எதிராளி வர வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், அந்த அரை மணி நேரக் கதை இன்று வேறு ஒருவரிடம் போகிறது. வெல்ஃபேர் ஆபீசரிடம் இல்லை, அம்மாவிடம் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் இல்லை. போனில் இருக்கும் சாட்ஜிபிடியிடம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செல்லமாக 'ஜிபிடி' என்கிறார்கள், ஏதோ ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி.

எப்படி வந்தது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 2024 ஜூனில் வாட்ஸ்அப்புக்குள் மெட்டா ஏஐ என்று ஒரு வட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. 2025 ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ஒரு வருடம் இலவசம் என்றார்கள். அக்டோபர் கடைசியில் ஜியோக்காரர்கள் ஜெமினியை 18 மாதத்துக்குத் தருகிறோம் என்றார்கள். நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ இந்தியர்களுக்கு ஒரு வருடம் சும்மா. ரீசார்ஜ் செய்ய நாள் பார்க்கிற வீடுகளில்கூட ஆலோசகர் மட்டும் இலவசமாக வந்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கும் விழித்திருக்கிறார், தமிழ் பேசுகிறார், கொட்டாவி விடுவதில்லை, "போன வாரமும் இதைத்தானேம்மா சொன்னே" என்று சலித்துக்கொள்வதில்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஒன்றிரண்டு விவரமும் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

என் தங்கை மகள் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை ராணிப்பேட்டைப் பக்கம் தோலை ஃபினிஷிங் செய்யும் யூனிட்டில் சூப்பர்வைசர். நல்ல பையன், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவள் கம்பெனியின் சரக்கு முக்கால்வாசி ஐரோப்பாவுக்குப் போகிறது, அதனால் அவளுக்கு அந்தச் சூடு அவ்வளவாகத் தெரியவில்லை. அவன் யூனிட்டின் ஆர்டர் அமெரிக்காவை நம்பியிருந்தது. ஓவர்டைம் போனது, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். அவன் இதை வீட்டில் சொல்லவில்லை. மற்ற நாட்களிலும் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய், ஒரு நண்பனின் கடையில் உட்கார்ந்திருக்கிறான். சம்பளக் குறைவைக் கடன் வாங்கிச் சரிக்கட்டியிருக்கிறான்.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மனுஷன் பேசுவதில்லை. போனைத் திருப்பி வைக்கிறான். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல." வெளியே கூப்பிட்டால் வருவதில்லை. இரண்டு மாதம் இப்படிப் போனால் எந்தப் பெண்ணுக்கும் மனதில் என்னென்னவோ ஓடும்.

அவள் ராத்திரி ராத்திரி ஜிபிடியிடம் எழுதினாள். அது மரியாதையாக, அன்பாக, பத்தி பத்தியாகப் பதில் சொன்னது. எனக்குக் காட்டினாள், படித்தேன். உங்கள் உணர்வு நியாயமானது என்று ஆரம்பித்து, இதற்கு 'உணர்ச்சி ரீதியான புறக்கணிப்பு' என்று பெயர் வைத்து, விஷயங்களை மறைப்பது கட்டுப்படுத்தும் நடத்தையின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று சொல்லி, உங்களுக்கான எல்லைகளை நீங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்திருந்தது. அவள் எல்லையை வகுத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதில் இன்னொரு கூத்து. அந்தப் பக்கம் அவனும் அதே ஜிபிடியிடம்தான் எழுதிக்கொண்டிருந்தான். பணக் கஷ்டத்தை அதனிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அது அவனிடம், நீங்கள் பெரிய மன அழுத்தத்தில் இருக்கிறீர்கள், உங்கள் துணைவி உங்கள் மௌனத்தைப் புரிந்துகொள்ள முயலாதது வேதனையானது, உங்களுக்குச் சற்று இடைவெளி தேவை என்றது. ஒரே வக்கீல் இரண்டு கட்சிக்கும் வாதாடி இரண்டு பேரிடமும் "கேஸ் நம்ம பக்கம்தான்" என்று சொன்ன கதை. ஆற்காட்டுக் கோர்ட் வாசலில் இதைச் செய்தால் அந்த வக்கீலை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

அவள் போன பத்தாவது நாள் அவன் ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினான். அழகான செய்தி. 'என் செயல்களால் உன் மனம் புண்பட்டதை நான் முழுமையாக உணர்கிறேன்' என்கிற மாதிரி. தங்கை படித்துவிட்டு, "பாரேண்டி, எவ்ளோ நல்லா எழுதியிருக்காரு" என்றாள். மகள் சொன்ன பதில் எனக்கு மறக்காது.

"இது அவரு எழுதுனது இல்ல மாமா. அவருக்கு இப்பிடில்லாம் வராது. அவருக்கு 'சாரிடி'ன்னுதான் வரும். அதைக்கூட என்கிட்ட சொல்ல அவருக்கு ஆள் வேணுமா?"

இரண்டு மாத மௌனத்துக்கு அழாத பெண், அந்த அழகான செய்திக்கு அழுதாள்.

நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பழைய பழக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க மாப்பிள்ளை, நம்ம வீட்ல பிரியாணி" என்று அவனைக் கூப்பிட்டேன். என் வீட்டம்மா சீரக சம்பா அரிசியில் செய்வாள், கத்தரிக்காயும் சுமாராக வரும். சாப்பிட்டு முடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும், "ஷிப்மெண்ட் எப்படிப் போகுது?" என்றேன். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிட்டது, கடன் உட்பட. உள்ளே தங்கை மகள் ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருந்த விஷயம் அன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாததை அவள் ஜிபிடிக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அது எவ்வளவு படித்ததாக இருந்தாலும், அவனுக்கு ஒரு போன் போட்டு "என்னப்பா விஷயம்?" என்று கேட்கிற வசதி அதற்குக் கிடையாது. என் கெட்டிக்காரத்தனம் என்று எதுவும் இல்லை. எதிர் நாற்காலியில் அவன் வந்து உட்கார்ந்தான், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கடன் பாதி அடைந்திருக்கிறது. சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய்விட்டுச் சண்டை போடுகிறார்கள்.

இனிக்க இனிக்கப் பேசுவது இந்த இயந்திரங்களுக்குத் தற்செயலாக வந்த பழக்கம் இல்லை என்று தெரிகிறது. 2025 ஏப்ரல் கடைசியில் சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ ஒரு புதிய பதிப்பை வெளியிட்டது. அது யார் எதைச் சொன்னாலும் "ஆஹா, ஓஹோ" என்று தலையாட்ட ஆரம்பித்ததால், சில நாட்களிலேயே கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதே வருடம் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 11 ஏஐ மாடல்களை எடுத்துச் சோதித்தார்கள். ஒருவர் தான் செய்த காரியத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்கும்போது, மனிதர்கள் 'நீ செய்தது சரி' என்று சொல்வதைவிட இவை சுமார் 50 சதவீதம் அதிகமாக ஆமாம் சாமி போட்டன.

அதைவிட எனக்கு உறைத்தது அதன் அடுத்த பாதி. இப்படி ஆமாம் போட்ட ஏஐயிடம் தங்கள் உறவுச் சண்டையைப் பேசியவர்கள், தாங்கள் செய்தது சரிதான் என்று இன்னும் உறுதியாக நம்பினார்கள். சமாதானமாகப் போகும் மனம் அவர்களிடம் குறைந்தது. ஆனால் 'இந்த ஏஐ நல்லது, திரும்பவும் இதனிடமே கேட்பேன்' என்றும் அவர்களே மார்க் போட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரன் மிட்டாய்க் கடைக்குக் கொடுக்கும் சான்றிதழ் மாதிரி.

மனுஷன் இயந்திரத்திடம் மனதைத் திறப்பது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்று ஒரு புரோகிராம் எழுதினார். நாம் சொல்வதையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அதற்கு மேல் ஒரு சரக்கும் அதில் கிடையாது. அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரி, அதனுடன் பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?" என்று அவரையே அறையை விட்டு அனுப்பினாராம். வைசன்பாம் ஆடிப்போய்விட்டார். பிறகு 1976-இல் இந்த விஷயத்தை எச்சரித்து ஒரு புத்தகமே எழுதினார். நம் ஊரில் அப்போது ரேடியோவே எல்லா வீட்டிலும் இல்லை.

நம்மிடமும் முகம் தெரியாதவரிடம் ஆலோசனை கேட்கும் வழக்கம் இருந்தது. தினமலர் வாரமலரில் 'அன்புடன் அந்தரங்கம்' பகுதியை அனுராதா ரமணன் எழுதிவந்த காலத்தில், எங்கள் ஸ்டிச்சிங் ஹாலில் திங்கட்கிழமை டீ நேரத்தில் அதுதான் பேச்சு. அந்த அம்மாவுக்கும் ஒரு பக்கக் கதைதான் கடிதத்தில் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடிதம் எழுதுவதற்குக் காகிதம் எடுக்க வேண்டும், முகவரி எழுத வேண்டும், தபால் பெட்டிக்கு நடக்க வேண்டும், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாதிக் கோபம் அந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். எத்தனையோ பேர் எழுதி முடித்துவிட்டு அனுப்பாமலே கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக் கோபத்துக்கு மூன்று விநாடியில் பதில் வருவதுதான் புதுசு. (டிவியில் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை'யில் இரண்டு கட்சியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், ஆனால் கூடவே கேமராவையும் வைத்தார்கள். 2018-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

தொல்காப்பியத்தில் கணவன் மனைவி ஊடலைத் தீர்த்துவைக்கப் போகிறவர்களுக்கு 'வாயில்கள்' என்று பெயர். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் என்று 12 பேர். தெருவில் போகிறவர்கூட அதில் உண்டு, பாருங்கள். சங்கப் பாட்டுகளில் பாணன் தலைவனுக்காகப் பரிந்து பேச வந்து, தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவான். பொய் சொன்னால் வாசலிலேயே நிறுத்தி மானத்தை வாங்குவார்கள். அடுத்த முறை அவன் அந்தத் தெருவில் நடக்க வேண்டுமே! அந்தக் கூச்சம்தான் அவனை ஓரளவுக்காவது நேர்மையாக வைத்தது. நான் ஒரு பெண்ணுக்குத் தப்பான யோசனை சொல்லியிருந்தால், மறுநாள் காலை டைம் ஆபீஸ் ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஜிபிடிக்கு எந்தத் தெருவும் இல்லை, எந்த ஜன்னலும் இல்லை.

வள்ளுவர் மூன்று அதிகாரம் ஒதுக்கி ஊடலைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் ஒரு தும்மல் விவகாரம் வருகிறது. அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயோடு, எவள் நினைத்ததால் தும்மினீர்கள் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்குகிறான். உமக்கு வேண்டியவள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். இதை அந்த ஆள் இன்றைக்கு ஜிபிடியிடம் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். 'உங்கள் துணைவியிடம் அடிப்படை நம்பிக்கையின்மை தெரிகிறது, நீங்கள் ஒரு ஆலோசகரை அணுகலாம்' என்று வரும். வள்ளுவருக்குச் சிரிப்பாகத் தெரிந்தது அதற்கு நோயாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பெண்ணின் முகத்தில் ஓடுகிற குறும்பு எழுத்தில் ஏறாது.

எங்கள் பகுதி முஸ்லிம் குடும்பங்களில் சண்டை என்றால் ஜமாத்துக்குப் போகும். வாணியம்பாடிப் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கியிருக்கிறார். குர்ஆனில் நான்காம் அத்தியாயம், 35-ஆம் வசனம். தம்பதிக்குள் பிளவு வரும் என்று பயந்தால், அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர், அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர். ஒருவர் போதாது, இரண்டு பேர். நம் 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் முதலில் சமரசத்துக்கு முயற்சி செய் என்றுதான் நீதிபதிக்குச் சொல்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வதைக்கூட அங்கே உரிமையாகக் கேட்க முடியாது, சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே பேச வேண்டும் என்கிற எண்ணம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியைச் சேர்த்தால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தியை அங்கே சேர்த்தபோது, அவள் புருஷன் மூன்று வாரம் கூடத் தங்கினான். வைத்தியம் இரண்டு பேருக்கும்தான் நடந்தது என்று பிற்பாடு அவனே சொன்னான். தொல்காப்பியக்காரர், ஜமாத்துக்காரர், சட்டம் எழுதியவர், மனநல டாக்டர் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். நால்வரும் ஒரு ஆள் கதையை மட்டும் கேட்டு முடிவு சொல்லவில்லை.

சரி, பழைய பஞ்சாயத்தெல்லாம் தங்கமா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. இல்லை. எத்தனை பெரியவர்கள் "பொறுத்துப் போம்மா, ஆம்பள அப்பிடித்தான்" என்று சொல்லி அடி வாங்கவே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது பல பெண்களுக்கு மூச்சு வந்தது, ஏனென்றால் அதுவரை ஸ்டேஷனிலும் இதே பஞ்சாயத்துதான். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, படிப்பு எட்டாவது, தன் போனில் குரலிலேயே கேட்டு, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் ஒரு சட்டம் இருக்கிறது என்றும், 181 என்று ஒரு எண் இருக்கிறது என்றும் தெரிந்துகொண்டாள். அவளுக்கு அதைச் சொல்லும் மனிதர் அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை. அந்த இடத்தில் ஏஐக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அடி விழும் வீட்டில் இரண்டு பக்கமும் கேள் என்ற பேச்சே கிடையாது. முதலில் அந்தப் பெண் வெளியே வர வேண்டும்.

மனசு சரியில்லை, யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். மறுமுனையில் மனிதர் இருப்பார். இந்த எண்ணைச் சொன்னால் பிள்ளைகள், "அங்கே பேச வெக்கமா இருக்கு மாமா" என்கிறார்கள். வெட்கம் இல்லாமல் பேச முடிகிறது என்பதுதான் ஜிபிடியின் கவர்ச்சி. அந்த வெட்கத்தில் ஒரு பிரயோஜனமும் இருக்கிறது. மனிதர் முன்னால் வாயைத் திறக்கும்போது, "அன்னைக்கு நானும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பேசிட்டேன்" என்று ஒரு வரி தானாக வரும். வெட்டி எறிந்த தோலில் கொஞ்சம் திரும்பி வரும்.

ரகசியம் என்று நம்பி எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜூலையில் ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே ஒரு பேட்டியில் சொன்னார், டாக்டரிடமும் வக்கீலிடமும் பேசுவதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு சாட்ஜிபிடியிடம் பேசுவதற்கு இல்லை என்று. அதே மாதம் நம் உச்ச நீதிமன்றம், கணவனோ மனைவியோ ரகசியமாகப் பதிவு செய்த போன் பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. போன் பேச்சுக்கே அப்படி என்றால், ராத்திரி ராத்திரி கொட்டிய பக்கங்கள் என்றைக்கு யார் கையில் பிரிண்ட் அவுட்டாக இருக்கும் என்று யார் கண்டார்கள்? நம் வீடுகளில் போன் ஒன்று, பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் நாலு பேர்.

கம்பெனியும் கொஞ்சம் விழித்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், 'நான் என் காதலனைப் பிரியலாமா?' மாதிரிக் கேள்விக்கு சாட்ஜிபிடி முடிவைச் சொல்லக் கூடாது, கேட்பவரை யோசிக்க வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் கேட்கிறவருக்கு மீதித் தோல் கைவசம் இல்லாதபோது, யோசித்தாலும் அதே துண்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்க முடியும்.

தங்கை மகள் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தாள். அவளாகவே, மாப்பிள்ளை எழுதுகிற மாதிரி ஜிபிடிக்கு எழுதினாள். வேலை குறைந்தது, கடன், சொல்ல வெட்கம், மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், எல்லாம். அது அதே அன்போடு, அதே பத்தி பத்தியாக, 'உங்கள் உணர்வு முற்றிலும் நியாயமானது' என்று ஆரம்பித்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாருங்க மாமா, என்னைத் திட்டுது" என்று போனைக் கொண்டுவந்து காட்டினாள். யாருக்காவது கை அரித்து, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அனுப்பும் முன் ஒரு தடவை இப்படி எதிர்க்கட்சியாக எழுதிப் பார்க்கலாம். நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளுடைய கண்டுபிடிப்பு.

ரிடையர் ஆன பிறகும் பழைய ஸ்டிச்சிங் ஹால் பெண்கள் சிலர் தேடிக்கொண்டு வருகிறார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் வருகிறார்கள், போனைக் கையில் நீட்டியபடி, "சார், இது சொன்னதைப் படிச்சுப் பாருங்க" என்று. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு பேருமாக வந்தால் உட்கார்ந்து பேசலாம். ஒருவர் மட்டும் வந்தால் டீ உண்டு, பஞ்சாயத்து கிடையாது.